ஐவி லீக்கும் நம்ம ஊர் "நாலு காலேஜும்"

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் என்று எட்டு பேர் சேர்ந்த "ஐவி லீக்" என்றாலே நம்மாட்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அது என்ன, அறிஞர்கள் சபையா? இல்லை சாமி. விளையாட்டுப் போட்டிகளுக்காக 1954-ல் எட்டு கல்லூரிகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்! படிப்பில் கொடிகட்டிப் பறக்கும் எம்.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டும் அதில் கிடையாது. 1766-ல் தொடங்கிய ரட்கர்ஸ் வெளியே, 1865-ல் வந்த கார்னெல் உள்ளே.

அவர்களுக்காவது ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் இருக்கிறது. நமக்கு அதுவும் இல்லை. "நல்ல காலேஜ்" என்றால் லயோலா, எம்.சி.சி., ஸ்டெல்லா மாரிஸ், பிரசிடென்சி... இந்தப் பட்டியலைப் போட்டது யார்? யாருமில்லை. ஆனால் ஆள் எடுக்கும் கம்பெனிக்காரர்கள் மண்டையில் அப்படியே பதிந்திருக்கிறது. கேம்பஸ் இண்டர்வியூவுக்கு வருகிறவர்கள் தாம்பரத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

பிரசிடென்சியையே எடுத்துக்கொள்வோம். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் 2022, 2023 இரண்டு வருடமும் இந்தியக் கல்லூரிகளில் 3-ஆம் இடம். சந்தோஷம். (அந்தத் தரவரிசையிலேயே 10 சதவீத மார்க், அடுத்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்குத்தான். பேர் இருந்தால் பேர் வரும்!) அது அரசுக் கல்லூரி. விழுப்புரம் அறிஞர் அண்ணாவும் திண்டிவனம் கோவிந்தசாமியும் அரசுக் கல்லூரிகள்தான். நிரந்தர ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது அதே டி.ஆர்.பி. இன்று அங்கே நடத்துபவர் நாளை டிரான்ஸ்ஃபரில் இங்கே வரலாம். பஸ் மேல்மருவத்தூர் தாண்டியதும் அவருக்குப் பாடம் மறந்துவிடுமா என்ன?

இங்கே குறையே இல்லையா? இருக்கிறது. நிரந்தர இடங்களை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். அதை அரசிடம் கேட்க வேண்டும். அதற்காக மாணவனை ஏன் கழித்துக்கட்ட வேண்டும்?

"நல்ல மார்க் எடுத்தவன் அங்கேதானே போகிறான்" என்பார்கள். மார்க் மட்டும் போதுமா? சென்னை ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் யார் பணம் கட்டுவது? சீட் கிடைத்தும் போக முடியாதவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். 17 வயதில் அப்பாவின் பர்ஸ் முடிவு செய்ததை, 21 வயதில் திறமை என்று கணக்கெழுதுகிறார்கள்.

சி.ஏ. பரீட்சையைப் பாருங்கள். நாடு முழுக்க ஒரே கேள்வித்தாள். பேப்பர் திருத்துபவருக்கு நீங்கள் எந்தக் காலேஜ் என்றே தெரியாது. அங்கே முடிகிறது, கம்பெனிகளால் முடியாதா?

காலேஜ் பேரைப் பார்த்து ரெஸ்யூமை ஓரம் வைக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே டெஸ்ட் வையுங்கள். தோற்றால் நாங்களே போய்விடுகிறோம். உட்காரவே விடாமல் தோற்கடிக்காதீர்கள்.