தாய்மொழிக்கு இட்ட விலங்கு

பத்திரிகையும் அதன் சுதந்திரமும் ஆங்கிலேயர் நமக்கு அளித்த கொடை என்று கற்றவர் சிலர் இன்றும் பேசக் கேட்கிறோம். அச்சுப்பொறி ஐரோப்பியர் வழி வந்தது. அதை மறுப்பார் இல்லை. சுதந்திரமும் அவ்வழியே வந்தது என்பதை நாம் ஒப்புவதற்கில்லை.

நாம் வாழும் இக்கொல்கத்தா மாநகரே சான்று. 1780இல் இந்தியாவின் முதற் செய்தித்தாளை இங்கு தொடங்கிய ஹிக்கி, ஆட்சியாளர் இனத்தவரே. தலைமை ஆளுநர் ஹேஸ்டிங்ஸைச் சாடினார். இரண்டே ஆண்டில் அவருடைய அச்செழுத்துகள் பறிமுதலாயின. தம்மவர்க்கே கொடாத உரிமையை நமக்கோ கொடுத்திருப்பர்?

1878இல் லிட்டன் பிரபு கொணர்ந்த சட்டம் இந்திய மொழி இதழ்களை மட்டுமே குறிவைத்தது; ஆங்கில ஏடுகளைத் தொடவில்லை. அதிகாரிகள் ஜாமீன் பத்திரம் கேட்கலாம். மீறினால் அச்சகத்தையே கைப்பற்றலாம். நீதிமன்றத்தில் முறையிட வழியில்லை. வழக்குத் தொடுப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே! வங்க மொழியிலும் வெளிவந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' உடனே முழு ஆங்கில ஏடாக மாறித் தப்பியது. அந்தச் சாதுரியத்தை மெச்சுகிறோம். ஆயினும் ஒன்று கேட்போம்: கருத்து மாறாதிருக்க, மொழி மாறியதும் குற்றம் நீங்கிற்றென்றால், குற்றம் எதில் இருந்தது? ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் தாய்மொழிக்கே ஆட்சி அஞ்சியது.

தமிழும் தப்பவில்லை. 1908இல் 'சுதேசமித்திரன்' ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். பாரதியார் புதுச்சேரி சென்று நடத்திய 'இந்தியா' இதழ் பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடை வந்தது. அவர் மறைந்து ஏழாண்டு கழிந்தும் அச்சம் தீரவில்லை. 1928இல் அவர் பாடல் நூல்களை முதலில் தடுத்தது பர்மா அரசு. சென்னை அரசு பின்பற்றியது. சட்டசபையில் சத்தியமூர்த்தி எதிர்த்து முழங்கினார். பர்மாவில் அந்நூல்களைத் தேடிப் படித்தவர் எவர்? நம்மைப்போல் பிழைப்பு நாடி ஊர் விட்டுச் சென்ற தமிழரன்றோ!

இன்று தமிழ் படிக்க ஜாமீன் கேட்பார் எவருமில்லை. ஆயினும் வெளிமாநிலத் தமிழ் இல்லங்களில் தமிழ் எழுத்தறியாத பிள்ளைகள் எத்துணைப் பேர்! 'உத்தியோகத்துக்கு உதவாது' என்று அங்கே தடையாணை பிறப்பிப்போர் பெற்றோரே. அன்னியன் அஞ்சிய ஆற்றலை நம்மவர் அற்பமென ஒதுக்குவது என்ன நியாயம்?

லிட்டனின் சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில் நீங்கியது. வீட்டுக்குள் இட்ட சட்டத்தை நீக்க எந்தப் பிரபுவும் வாரார். நாமே நீக்க வேண்டும்.