திராட்சைப் பந்தலும் திருமணப் பந்தலும்



பந்தல் என்னும் சொல் நம் கம்பம் பள்ளத்தாக்கில் இரு பொருள் தருவதாகும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடி ஏற்றினால் அது திராட்சைப் பந்தல். வாழை கட்டித் தோரணம் தொங்கவிட்டால் அது திருமணப் பந்தல். முன்னது பின்னதாக மாறிய ஒரு தோட்டத்தைப் பற்றியே இம்மாதம் உங்களோடு சிந்திக்க விழைகிறோம்.

கூடலூரைச் சுற்றியுள்ள நிலங்களின் வரலாறு நீரின் வரலாறே ஆகும். 1887-இல் தொடங்கி 1895-இல் திறக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்கில் இறங்கிற்று. அதனைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் பிறந்த சனவரி 15-ஆம் நாளில் இன்றும் நம் மக்கள் பொங்கலிட்டு நன்றி கூறுகின்றனர். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் அந்நீரால் இருபோகம் நெல் விளைகிறது. மேட்டு நிலத்தார் கிணறு வெட்டித் திராட்சை நட்டனர். திராட்சையைத் தமிழகத்திற்கு 1832-இல் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று கூறுவர். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம்.

ஆயினும், பெருமை கடனை அடைப்பதில்லை. நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் பாட்டனார் கிணறு வெட்டினார், தந்தை பந்தலிட்டார், மகனோ செவட்டை நோயோடும், காய் பழுக்கும் வேளையில் பெய்யும் மழையோடும் போராடிச் சலித்தார். ஓராண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் எந்த மண்டபமும் கிடைக்காமையால், தம் மகளின் திருமண விருந்தைத் தோட்டத்தின் ஒரு பக்கத்தைத் திருத்தி அங்கேயே வைத்தார். வந்தவர்கள், "எங்கள் வீட்டு விசேடத்திற்கும் இவ்விடத்தைத் தருவீர்களா?" என்று கேட்டனர். சில ஆண்டுகளில் கொடிகள் அகன்றன, மண்டபம் எழுந்தது. அதனை மந்திரித்துத் தருமாறு நம்மை அழைத்தனர்.

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்காட்டி, முன்னோரின் நிலத்தை இப்படி மாற்றலாமோ என்று கண்டிக்கும் எண்ணத்தோடேயே நாம் சென்றோம். அவரோ கணக்கேட்டை விரித்துக் காட்டினார். மருந்துச் செலவும் வட்டியும் விளைச்சலை விழுங்கியிருந்தன. ஆகாபு செய்த பாவம் பிறர் நிலத்தை இரத்தம் சிந்திக் கவர்ந்தது. இவரோ தம் நிலத்தில் பிழைக்க வழி தேடினார். நம் அவசரத் தீர்ப்பை எண்ணி நாணினோம்.

அப்போது நினைவுக்கு வந்தது வேறொரு நிலம். எபூசியரான அரவுனாவின் போரடிக்கும் களத்தில் தாவீது பீடம் எழுப்பினார். பின்னர் அவ்விடத்திலேயே சாலமோன் ஆலயம் கட்டினார். நிலத்தின் பயன் மாறுவது பாவமன்று. ஆனால் அரவுனா இலவசமாய்க் கொடுக்க முன்வந்தும், தாவீது 50 வெள்ளிச் செக்கேல் கொடுத்தே வாங்கினார். உரியவருக்கு உரியதைக் கொடுத்த பின்னரே பலி செலுத்தப்பட்டது!

எனவே, "உம் தங்கையிடம் கேட்டீரா?" என்று வினவினோம். அவர் தலைகுனிந்தார். தந்தை உயில் எழுதாமல் இறந்தவர். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, அத்தகைய கிறிஸ்தவக் குடும்பத்தில் கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது மகனுக்கும் மகளுக்கும் சமமாகும். சீர் செய்து அனுப்பியதோடு தங்கையின் உரிமை தீர்ந்தது என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். மந்திரிப்பை ஒரு மாதம் தள்ளிவைத்தோம். தங்கையும் அவர் கணவரும் வந்தனர், கடுஞ்சொற்களும் பிறந்தன, கண்ணீருக்குப் பின் பங்கு எழுதப்பட்டது. கவாத்து வெட்டி வந்த பெண்களுக்கும் மண்டபத்தில் வேலை கிடைத்தது.

மந்திரிப்பு நாளில் முதிய தாயார் மட்டும் வாயிலிலேயே நின்றார். "சாமி, முதல் கூடைப் பழத்தைக் கோவிலுக்குக் கொடுத்து வந்தேனே, இனி இந்த மண்ணில் எதைக் கொடுப்பேன்?" என்றார். நமக்கு உடனே விடை எழவில்லை. சற்று நேரம் சென்று அவரே மகனை நோக்கி, "வருடத்தில் முதல் முகூர்த்தத்தை வாடகையில்லாமல் ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கொடு" என்றார். மகன் இசைந்தார். நம் மறையுரைகள் அனைத்தினும் சிறந்த மறையுரை அதுவன்றோ!

பெற்றோரே, உங்கள் நிலமும் ஒரு நாள் மாறக்கூடும். மாற்றுமுன் குடும்பமாய் அமர்ந்து பேசுங்கள். பெண்மக்களையும் உழைத்தவர்களையும் மறவாதீர். மண்டபம் எத்துணை அழகாயினும் திருமண அருட்சாதனம் பங்கு ஆலயத்தில் நிறைவேறட்டும். விருந்து மண்டபத்தில் நிகழட்டும். கானாவூரில் குறையை முதலில் கண்டவர் ஒரு தாய். நம் இல்லங்களிலும் அத்தகைய தாய்மாரின் சொல் கேட்கப்படுவதாக.

ஆண்டவர் தாமே உங்கள் நிலத்தையும் இல்லத்தையும் ஆசீர்வதிப்பாராக!