சிகரத்தில் ஒரு பென்சில்



"மாப்ளே, லைஃப்ல ஒரு சாகசம் பண்ணணும்டா!" நம்ம வகுப்பில் இதைச் சொல்லாதவன் உண்டா? ஆனால் எதை நாம் சாகசம் என்கிறோம்? பஸ்ஸுக்குள் இடமிருந்தும் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்குவதை. அதைச் செல்போனில் படம் பிடிப்பதை. நானும் தொங்கியவன்தான். ஒருநாள் வளைவில் கை வழுக்கியது. பக்கத்தில் நின்ற பெரியவர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்த மலரில் என் கட்டுரை வந்திருக்காது, போட்டோதான் வந்திருக்கும்! அன்று இரவு யோசித்தேன். எங்கே போய்ச் சேர்வதற்காக உயிரைப் பணயம் வைத்தேன்? உள்ளே உட்கார்ந்து வந்தவனும் அதே காலேஜ் வாசலில்தானே இறங்கினான்?

இலக்கு இல்லாத துணிச்சல் சாகசம் ஆகாது. இதுவே என் கருத்து. இதற்கு நான் அழைக்கும் சாட்சி டென்சிங் நார்கே.

1953 மே 29. ஹில்லரியும் டென்சிங்கும் எவரெஸ்டில் கால் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்விக்காகப் படித்தோம், அதோடு சரி. அதற்கு முந்திய 18 ஆண்டுகளைப் பற்றி நாம் கேட்கவே இல்லை.

1935-ல் டென்சிங் முதன்முதலாக எவரெஸ்டுக்குப் போனது வீரராக அல்ல. வெள்ளைக்காரர்களின் மூட்டையைச் சுமக்கும் கூலியாக. 1936-லும் 1938-லும் மறுபடி போனார். 1947-ல் ஒருவர் அனுமதி இல்லாமல் ரகசியமாகப் புறப்பட்டபோது அவரோடும் போனார். 1952-ல் சுவிட்சர்லாந்துக் குழுவோடு இரண்டு முறை. ஆறு முறை போனார், ஆறு முறையும் உச்சியைத் தொடாமல் திரும்பினார். நம்ம பாஷையில் சொன்னால் ஆறு அட்டெம்ப்ட், ஆறும் அரியர்!

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக அடுத்தவர் மூட்டையைச் சுமந்தார். ஆனால் உச்சியைத் தொட வேண்டும் என்ற ஆசை அவருடைய சொந்த ஆசை. "முதலில் வீட்டுக் கஷ்டம் தீரட்டும், அப்புறம் லட்சியத்தைப் பார்க்கலாம்" என்று அவர் காத்திருக்கவில்லை. கூலிக்குப் போன பாதையிலேயே தன் பாதையையும் கண்டுகொண்டார். 1952-ல் சுவிஸ் குழு அவரைத் தங்கள் வீரர்களில் ஒருவராகவே சேர்த்துக்கொண்டது.

அந்த ஆண்டு மே மாதம் ரேமண்ட் லாம்பேர்ட் என்ற சுவிஸ் வீரரும் அவரும் சுமார் 8,600 மீட்டர் வரை ஏறிவிட்டார்கள். முந்தின இரவு கூடாரத்தில் தூங்கும் பை இல்லை, அடுப்பு இல்லை. மெழுகுவர்த்தியில் பனிக்கட்டியை உருக்கித் தொண்டையை நனைத்தார்கள். மறுநாள் ஆக்சிஜன் கருவியும் சரியாக உதவவில்லை. எவரெஸ்டின் உயரம் 8,848 மீட்டர். மீதி ஏறத்தாழ 250 மீட்டர்தான்! நாமாக இருந்தால், "இவ்ளோ தூரம் வந்தாச்சு, விடுடா போயிடலாம்" என்றிருப்போம். அவர்கள் திரும்பி இறங்கினார்கள். அன்று வீம்பு பிடித்திருந்தால் அடுத்த ஆண்டு ஏற டென்சிங் இருந்திருப்பாரா? திரும்பி வருவது கோழைத்தனம் அல்ல. மறுபடி போகாமல் இருப்பதுதான் தோல்வி.

1953-ல் கும்பு பனிச்சரிவில் ஹில்லரி ஒரு பிளவுக்குள் விழுந்தார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நிறுத்தியவர் டென்சிங். உச்சியில் நின்றவர்கள் இரண்டு பேர். ஆனால் அந்தக் குழுவின் மூட்டைகளைச் சுமந்து வந்தவர்கள் முந்நூறு பேருக்கும் மேல். தனி ஆளாக யாரும் சிகரம் ஏறுவதில்லை.

இப்போது என் கதை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். கணக்குப் பேப்பரில் இரண்டாம் முறையும் போனபோது, "படிப்பு நமக்குச் சரிப்பட்டு வராதுப்பா, நானும் வேலைக்கு வந்துடறேன்" என்றேன். அப்பா திட்டவில்லை. "மூட்டை கனமா இருந்தா எறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டு மறுபடி தூக்கணும். நடு ரோட்டுல போட்டுட்டா வருவாங்க?" என்றார். டென்சிங் பெயரைக் கேள்விப்படாதவர்தான் இதைச் சொன்னார்! வரும் செமஸ்டரில் மூன்றாம் முறை எழுதப் போகிறேன்.

"மலையேற நமக்கு ஏதுப்பா வசதி?" என்று கேட்பீர்கள். எல்லோரும் இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. கிராமத்தை விட்டு முதன்முதலாகத் தனியாக ஹாஸ்டலுக்கு வந்த தோழியும், பகலில் லேத்திலும் இரவில் டீக்கடையிலும் நிற்கும் தோழனும் சாகசப் பயணிகள்தான். எங்கே போகிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். டென்சிங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் வாழ்க்கைக் கதையையே வாயால் சொல்லி இன்னொருவர் எழுதித்தான் 1955-ல் புத்தகமாக வந்தது. 1953-ல் அவர் புறப்பட்டபோது இளைய மகள் நிமா ஒரு சின்னப் பென்சிலைக் கொடுத்திருந்தாள். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். எழுதத் தெரியாத அந்த அப்பா உலகத்தின் உச்சியில் பனியைத் தோண்டி, இனிப்புகளோடு அந்தப் பென்சிலையும் புதைத்துவிட்டு வந்தார்.

நம்மில் எத்தனையோ பேரின் அப்பா, அம்மா பிடிக்காத பென்சில் இன்று நம் கையில் இருக்கிறது. அதைப் பிடித்த கையைப் படிக்கட்டுக் கம்பியில் வழுக்க விடலாமா? நாளை காலை பஸ்ஸில் உள்ளே ஏறுவோம் தோழர்களே. நாம் போக வேண்டிய தூரம் இன்னும் நிறைய இருக்கிறது!