அப்பத்தாவின் நாற்பது விழுக்காடு

‘எதிர்நீச்சல்’ தொடரை முற்போக்கு பேசும் நம் தோழர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். சீரியல் என்றாலே நமக்கு ஓர் இளக்காரம். 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய அந்தத் தொடரை நம் வீட்டு அப்பத்தாக்கள் விடாமல் பார்த்தார்கள்.

ஆதி குணசேகரன் வீட்டில் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு மருமகள்கள். படித்தும் அடுப்படிக்குள் அடைக்கப்பட்டவர்கள். மாரிமுத்துவின் அதட்டல் மீம் ஆகிப் பரவியபோது, அந்த அதட்டலுக்கு அஞ்சாமல் மருமகள்கள் பக்கம் நின்றவர் பட்டம்மாள் அப்பத்தா. பம்பாய் ஞானம் நடித்திருந்தார். அந்தப் பாசத்தைக் குணசேகரன் ஏன் பொறுத்துப்போனான்? நிறுவனத்தில் நாற்பது விழுக்காடு பங்கு அவர் பெயரில் இருந்தது. கையெழுத்து அவருடையது. பங்கில்லாத கிழவி இதையே பேசியிருந்தால் திண்ணைக்குத் துரத்தியிருப்பார்கள்.

கையெழுத்து என்றதும் புதுக்கோட்டை நினைவுக்கு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் இந்த மாவட்டத்துப் பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள், கல்குவாரித் தொழிலாளிகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்றைய இளம்பெண்கள் இன்றைய அப்பத்தாக்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு 1929இலேயே தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 ஆனது. அதற்குப் பிறகும் கற்ற கையெழுத்து எந்தத் தாளில் விழுந்தது? சீர் செய்தாயிற்று என்று சொல்லி, அண்ணன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் நீட்டிய தாளில். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். (யாருக்கு விடுதலை?) “போட்டுக் குடுத்துரு ஆத்தா, நாளைக்குப் பொறந்த வீட்டு வாசல் வேணும்ல” என்று சொல்வதும் பல வீடுகளில் அப்பத்தாதான். அதுவும் பாசம்தான். தனக்கென்று அந்த வாசல் மட்டுமே மிஞ்சியவரின் பாசம்.

மகள் கையில் நிலம் இருந்தால், அவள் வேறு சாதியில் மணந்தால் நிலமும் சாதியை விட்டுப் போகும். அகமணமே சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916இல் விளக்கினார். அந்த அகமணத்துக்கு நம் ஊரில் பத்திரப்பதிவும் காவல் நிற்கிறது.

அந்த நாற்பது விழுக்காடும் சொத்துள்ள வீட்டின் கணக்கு. தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2022 டிசம்பரில், வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தத் தலித் மக்களில் மூன்று பேர் மீதே குற்றம் சாட்டியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய அந்த வீடுகளிலும் அப்பத்தாக்கள் உண்டு. யாரும் மிரட்டி எழுதி வாங்க அவர்கள் பெயரில் பங்கு இல்லை. அப்படி ஓர் அப்பத்தாவை நடுவில் வைத்து ஒரு சீரியலும் நாம் பார்த்ததில்லை.