சோம்பல் அல்ல, நோய்!

விழுப்புரத்துக்கு அருகே, திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலில் திருவட்டப்பாறை என்று ஒன்று இருக்கிறது. அதன் முன் நின்று பொய் சொன்னவன் தப்பமாட்டான் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. குழந்தையின் உடம்பில் பொய் எது, மெய் எது என்று காட்ட அப்படி ஒரு பாறை இல்லையே! போகட்டும், தாயின் கண் இருக்கிறதல்லவா?

3 வயதிலிருந்து 5 வயதுக்குள் உள்ள உங்கள் பையனைக் கவனியுங்கள். ஓடும்போது அடிக்கடி விழுகிறானா? படி ஏறத் திணறுகிறானா? நுனிக்காலில் நடக்கிறானா? கெண்டைக்கால் மட்டும் பருத்துத் திரண்டிருக்கிறதா? “பிள்ளை திடமாகத்தான் இருக்கிறான், சோம்பல்தான் ஜாஸ்தி” என்பாள் பாட்டி. அந்தப் பருமன்தான் பொய்! தசை நலிந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்வதால் உண்டாகும் பருமன் அது.

மெய் எது? தரையில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். குப்புறத் திரும்பி, கைகளை ஊன்றி, முழங்காலையும் தொடையையும் பற்றிப் பற்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுகிறவன் போல் நிமிர்கிறானா? லண்டன் டாக்டர் கவர்ஸ் 1879-ல் விவரித்த அறிகுறி இது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும் ‘டுஷேன்’ தசைநலிவு நோயாக இருக்கலாம்.

‘கிரியேட்டின் கைனேஸ்’ என்ற இரத்தப் பரிசோதனை பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுவை ஜிப்மரும் அந்த வட்டாரத்தாருக்கு எட்டாத தூரமல்ல. நோயை அடியோடு போக்க இன்னும் வழியில்லை. ஆனாலும், டாக்டர் மேற்பார்வையில் தரும் ஸ்டீராய்டு மருந்தும் தக்க பயிற்சியும் அவன் நடமாடும் காலத்தை நீட்டித் தரும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூத்தவனைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருக்கும்போதே தம்பி பிறந்துவிடுகிறான்; அவனுக்கும் அதே கோளாறு வரக்கூடும். முன்பே தெரிந்தால் மரபணுச் சோதனை செய்துகொண்டு யோசிக்கலாம். இதற்காக மருமகள் மேல் பழி போடாதீர்கள், மாமியார்களே! பரம்பரையில் இல்லாமல் புதிதாகவும் இந்தக் கோளாறு தோன்றுவதுண்டு.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் நன்றாக இருந்து, மாலையானால் இமை தொங்கி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறதா? தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். ‘மயஸ்தீனியா’வாக இருக்கலாம், அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இன்று மாலை விளையாடிவிட்டு வந்து பையன் தரையில் உட்காருவான். எழுந்திருக்கும்போது, அடுப்பு வேலையை ஒரு நிமிஷம் விட்டுவிட்டு அவனைப் பாருங்கள்.