சொந்த மரம்தான், ஆனாலும் கேட்டுவிட்டுச் சீவுங்கள்

கேள்வி: வரப்பில் 14 பனைகள் இருக்கின்றன. பதநீர் இறக்கலாம் என்கிறார் மரமேறி. சொந்த மரத்துக்கும் அனுமதி வேண்டுமா? – பாகூர் வாசகர்

பதில்: பாளை சீவிய பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். நீங்கள் முன்னதாகக் கேட்டது நல்லது.

இந்தக் குழப்பம் பழையது. பக்கத்துக் கடலூர் வெள்ளையர் ஆட்சியில் இருந்தபோது வந்த 1886ஆம் ஆண்டு சென்னை ஆப்காரி சட்டம், புளித்த சாறு, புளிக்காத சாறு இரண்டையுமே 'கள்' என்றது. உரிமம் இல்லாமல் மரம் சீவக்கூடாது. போதை தராத பதநீரும் அதில் மாட்டிக்கொண்டது. 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கள் இறக்கியவர்கள் பிழைக்க வெல்லம் காய்ச்சும் தொழில் ஊக்குவிக்கப்பட்டது. கள் வேறு, பதநீர் வேறு என்று அரசே பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

நம் பகுதி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்று நமக்கு 1970ஆம் ஆண்டு புதுச்சேரி கலால் சட்டம். இங்கே உரிமத்தோடு கள்ளுக்கடை நடக்கிறது. எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஆகவே:

1. கலால் துறையில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

2. 'பதநீர் மட்டும்' என்று மரமேறியிடம் எழுதி வாங்குங்கள்.

3. கலயத்தின் உட்புறம் தினமும் சுண்ணாம்பு தடவ வேண்டும். காலையில் இறக்கியதை உடனே வடிகட்டிக் காய்ச்சிவிடுங்கள். தாமதித்தால் புளித்துவிடும், பிறகு நீங்கள் பதநீர் என்றாலும் கலயம் கள் என்றே சொல்லும்.

பதநீருக்கு அனுமதி எளிதாகக் கிடைத்தால்தான் பனைகள் செங்கல் சூளைக்குப் போகாமல் வரப்பில் நிற்கும் என்பது என் கருத்து.