ஒன்றரை வயதுக் கோழியைக் கிழடு என்கிறோம்



போன கிழமை எங்கள் வளவில் நிற்கும் கோழிகளின் படத்தைப் போட்டிருந்தேன். "சேர், இது என்ன சாதி? கழுத்தில இறகு இல்லையே, நோயா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நோய் இல்லை. அவை கூட்டில் இருந்து வந்த லேயர் கோழிகள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் தனியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா முட்டைப் பண்ணை வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன் வேறு அலுவலாக அங்கே போனபோது, பழைய கோழிகளை இறைச்சிக்காக லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நல்லாத்தானே நிற்கின்றன, ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "எழுபத்தஞ்சு கிழமை ஆச்சு சேர். முட்டை குறையுது. திண்டுற தீனுக்குக் கணக்குச் சரிவராது" என்றார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2022 இல் தீன் தட்டுப்பாடு வந்தபோது எத்தனை பண்ணைகள் படுத்தன, 2023 இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்க வேண்டி வந்தது எல்லாம் நாம் கண்டதுதான். கடனில் ஓடும் தொழில் அது. முட்டை மலிவாக வேண்டும் என்று கேட்பவர்கள் நாம்தான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு லேயர் ஏறக்குறைய இருபது கிழமையில் முட்டையிடத் தொடங்குகிறது. வருடத்துக்கு முந்நூறு முட்டை அளவில் தருகிறது. ஒன்றரை வயதில் அதற்குக் "கிழட்டுக் கோழி" என்று பெயர். உண்மையில் அது இன்னும் பல வருடம் வாழக்கூடிய உயிர். இறகு உதிர்த்து ஓய்வெடுத்த பின் திரும்பவும் முட்டையிடும், முன்னைய அளவுக்கு இல்லாவிட்டாலும்.

கடைக்காரர் கொடுக்கும் அதே விலையைக் கொடுத்து நாலு கோழியைக் கொண்டுவந்தேன்.

மணலில் இறக்கிவிட்டதும் நாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கூட்டுக்குள் நிற்பது போலவே நின்றன. முழு வளவும் திறந்து கிடக்கிறது, ஓரடி நகரவில்லை. மகள் கீரை போட்டாள். அது தின்னும் பொருள் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. இருட்டியதும் கூட்டுக்குப் போகவும் தெரியாது, நான்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். மூன்றாம் நாள் ஒரு கோழி சரிந்து படுத்து, காலால் மண்ணைக் கிளறி, இறக்கைக்குள் அள்ளிப் போட்டது. பிறந்ததில் இருந்து கம்பியில் நின்ற கோழி அது. யார் அதற்கு மண்குளிப்புச் சொல்லிக் கொடுத்தது? இயல்பூக்கம் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிப் படிப்பித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நானே அதைப் பார்த்தேன். கூட்டில் இருந்த காலம் முழுக்க அந்த ஆசை அதற்குள் இருந்திருக்கும், மண்தான் இருக்கவில்லை.

இனி, எனக்குச் சொல்லப்பட்ட மூன்று பேச்சுக்கு வருகிறேன்.

ஒன்று, பக்கத்து வீட்டுக் காக்கா சொன்னது: "மனுசனுக்கே சோறு இல்லாத காலத்தில கோழிக்கு அனுதாபமா? சூப்பு வைங்க சேர்." நியாயமான பேச்சுத்தான். ஆனால் இது அனுதாபம் மட்டும் இல்லை. நாலில் இருந்து நாளுக்கு இரண்டு, மூன்று முட்டை கிடைத்தது. ஒரு கோழி நாளைக்கு நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத் தின்னும். முழுத் தீனையும் கடையில் வாங்கினால் பெரிய லாபம் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். வளவில் புல், பூச்சி, வீட்டு மிச்சம் இருந்தால்தான் கணக்குச் சரிவரும்.

இரண்டு: "அறுப்பது ஹலால்தானே?" ஹலால்தான். நானும் கோழி இறைச்சி உண்பவன். என் கேள்வி கத்தி வைக்கும் நேரத்தைப் பற்றியது இல்லை, அதற்கு முந்திய நாட்களைப் பற்றியது. பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீஸை நமது பிள்ளைகள் மதரஸாவிலேயே படிக்கிறார்கள். அவள் உணவு கொடுக்கவில்லை, பூமியில் உள்ளதைத் தேடித் தின்ன விடவும் இல்லை. பண்ணையில் தீன் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஆகவே அந்த ஹதீஸ் அப்படியே கூட்டுக் கோழிக்குப் பொருந்தும் என்று சொல்ல நான் ஆலிம் இல்லை. ஆனாலும் அதன் இரண்டாவது பாதி என் மனதை விட்டுப் போகவில்லை.

மூன்று: "நாலு கோழியால என்ன மாறப் போகுது?" பண்ணை முறையில் ஒன்றும் மாறாது. பிரித்தானியாவில் 2005 இல் இருந்து பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் என்ற அமைப்பு இப்படிப்பட்ட கோழிகளை வீடுகளுக்குக் கொடுத்து வருகிறது. ஆனால் வெறும் கம்பிக்கூடு அங்கே ஒழிந்தது சட்டத்தால். ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் முடிவெடுத்து, 2012 ஜனவரியில் இருந்து தடை செய்தது. பண்ணைக்காரர் மாறுவதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. நம்மிடம் மிருகவதைக்கு இருப்பது 1907 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், அதில் தண்டப்பணம் நூறு ரூபாய். ஒரு கோழியின் விலைகூட இல்லை. சட்டம் மாற வேண்டும், மாறுகிற பண்ணைக்காரருக்குக் கைகொடுக்கவும் வேண்டும். அதைக் கேட்பதற்கு, முட்டை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த ஆட்கள் தேவை. என் வகுப்பில் முப்பது பிள்ளைகள் அந்தக் கோழிகளை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாலு கோழியால் அவ்வளவுதான் முடியும்.

கொண்டுவர நினைப்பவர்களுக்குச் சில விடயம்:

ஒற்றைக் கோழி எடுக்காதீர்கள், குறைந்தது மூன்று. இறகு இல்லாத தோலை வெயில் சுடும், நிழல் வேண்டும். முட்டைக்காகவே சுண்ணாம்பு கரைந்த எலும்பு அது, கைகால் இலகுவில் முறியும். உயரமான சட்டம் வைக்காதீர்கள், சிப்பித்தூள் கொடுங்கள். லேயர் தீனை உடனே நிறுத்த வேண்டாம், மெல்ல மெல்லக் குறையுங்கள். உப்புக் கறி, பூஞ்சணம் பிடித்த சோறு கூடாது. வீட்டில் நாட்டுக்கோழி இருந்தால் மூன்று, நாலு கிழமைக்கு வேறாக வையுங்கள். என்ன தடுப்பூசி போட்டது என்று பண்ணையில் கேட்டு, அரச கால்நடை வைத்தியரிடமும் ஒரு சொல் கேளுங்கள். கீரிக்கும் நாய்க்கும் இரவில் கூட்டைப் பூட்டுங்கள்.

நான் பூட்ட மறந்த ஒரு இரவில் ஒன்றைக் கீரி கொண்டுபோனது. அது என் பிழை. மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மிச்சம் மூன்று. அதில் ஒன்று இப்போது முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. பண்ணைக்காரரின் கேள்வி இப்போது என் வாசலுக்கு வந்திருக்கிறது: தின்னுகிற தீனுக்கு என்ன கணக்கு? மனைவி கேட்டபோது உடனே பதில் வரவில்லை. யோசித்துச் சொன்னேன்: அது நோயில் கிடந்து துடித்தால் நானே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுப்பேன். அதுவரைக்கும் இருக்கட்டும். எனக்கு இது வயிற்றுப்பிழைப்பு இல்லை, அதனால் அப்படிச் சொல்ல முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

வளவும் வேலியும் பொறுமையும் உள்ளவர்கள் மூன்று கோழி எடுங்கள். இல்லாதவர்கள் ஆசைக்காக எடுத்துவிடாதீர்கள், அதற்கு லொறியே மேல். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், கோபிக்க மாட்டேன்.

வஸ்ஸலாம்.